மாசமாக இருக்கும்போது அச்சு போடலாமா?

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டுவீடுதான் என் அச்சுக்கூடம். லினோ என்ற மிருதுவான விரிப்பில் படம் செதுக்கி அச்செடுக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், மூன்றாம் மாதத்தில் உளிகளைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "வீட்ல வேண்டாம்ங்கறாங்க அக்கா. மை வாடை பிள்ளைக்கு ஆகாதாம்." சரி என்று வாங்கி வைத்துவிட்டேன். அது என் தவறு.

வீட்டார் பயத்தில் நியாயம் இருக்கிறது. படத்தின் கோடுகளை அரிக்க நைட்ரிக் அமிலத்தில் செப்புத்தகட்டைப் போட்டால் பழுப்புப் புகை எழும், நுரையீரலுக்குக் கேடு. பழைய நிறமிகள் சிலவற்றில் ஈயம் உண்டு. அது நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும், தாய்ப்பாலிலும் கலக்கும். அடைத்த அறையில் டர்பன்டைன் ஆவியும் ஆகாது. ஆனால் லினோவுக்கு அமிலமே வேண்டாம். அதற்கு நாங்கள் எடுக்கும் மை தண்ணீரில் கழுவுவது. இதையெல்லாம் அன்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த உளிகளைப் பார்க்கும்போதெல்லாம் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் நினைவுக்கு வருவார். இறந்த பிள்ளையைக் கட்டிக்கொண்ட தாயை 1903இல் அமில அச்சாகச் செய்தார். கண்ணாடி முன் உட்கார்ந்து, ஏழு வயது மகன் பீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டே தன்னை வரைந்தார். பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, படம் அழகாக வரும் என்று பையன்தான் தேற்றினானாம். 1914 அக்டோபரில், 18 வயதில், போரில் அவன் செத்தான். அப்புறம் பல வருடம் கழித்து, அமில அச்சையும் கல் அச்சையும் ஒதுக்கிவைத்து, போரைப் பற்றிய ஒரு வரிசைக்காக மரத்தைச் செதுக்கினார். 'போர்' வரிசையின் ஏழு மர அச்சுகளில் ஒன்றில் தாய்மார் ஒருவரையொருவர் இறுக அணைத்து நிற்கிறார்கள். நடுவே பிள்ளைகளின் முகங்கள். உளி பிள்ளை பெற்றவள் கைக்கு எட்டாமல் போயிருந்தால் இந்த அச்சுகள் ஏது?

இப்போது என் கூடத்தில் அமிலத் தொட்டி இல்லை. தகட்டில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் ஊசியால் நேரடியாகக் கீறுகிறார்கள். அமெரிக்க ஓவியர் மேரி கசாட் தன் தாய்-சேய் அச்சுகளில் கையாண்ட வழிகளில் அதுவும் ஒன்று. தகட்டு வேலையில் எண்ணெய் மை படிந்தால் சமையல் எண்ணெயால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மாசமாக இருப்பவர் அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற வேண்டாம். காகிதத்தின் மேல் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே லினோ நன்றாக விழும். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். மை டப்பாவில் போட்டிருப்பதைப் படித்து, சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுப்பவர்கள் கை கழுவி, மை பட்ட துணியை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

பிரசவமாகி ஏழாம் மாதம் அந்தப் பெண் திரும்பி வந்தார். உத்தரத்தில் தூளி கட்டிக்கொடுத்தேன். பிள்ளை தூங்கும் நேரத்தில் செதுக்கினார். அவர் எடுத்த முதல் அச்சில் அந்தத் தூளிதான். உள்ளே பிள்ளை தெரியாது. சேலை மடிப்பில் அதன் கனம் தெரியும்.