ஏமாற்றமும் இல்லை, மாயை நீக்கமும் இல்லை

போன கிழமை ஒரு கருத்தரங்கில 'உலகின் ஏமாற்றம்' எண்ட தொடரை மூண்டாந்தரமாக் கேட்டன், இனியும் பேசாமல் இருக்கேலாது. ஜேர்மன் சமூகவியல் அறிஞர் மக்ஸ் வெபர் 1917ல மியூனிக்கில ஆற்றின உரையில வாற சொல் இது, ஜேர்மனில என்ட்சௌபருங். சௌபர் எண்டா மந்திரவித்தை, முன்னால நிக்கிற என்ட் நீக்கிறதைக் குறிக்கும். அவ்வளவுதான். மர்மமான சக்தி எண்டு ஒண்டும் இல்லை, எல்லாத்தையும் கணக்குப் போட்டு ஆளலாம் எண்டு சனம் நம்பத் தொடங்கினதைத்தான் வெபர் சொன்னவர். ட்ராமில ஏறிப் போறவனுக்கு அது எப்பிடி ஓடுது எண்டு தெரியாது, ஆனா விரும்பினா அறியலாம் எண்டு நம்புறான், அந்த நம்பிக்கைதான் விசயம். இதில ஆர் ஏமாந்தது? இங்கிலீசில போட்ட 'டிஸ்என்சான்ட்மென்ட்' எண்ட சொல்லுக்கு ஏமாற்றம் எண்டும் ஒரு பொருள் இருக்கு, மொழிபெயர்க்கிற ஆக்கள் அகராதியைத் திறந்து அதையே தூக்கி வைச்சிட்டினம்.

இதைவிட அதே சொல்லை 'மாயை நீக்கம்' எண்டு எழுதிறதுதான் எனக்குக் கூடக் கோவம். சைவசித்தாந்தம் படிச்ச யாழ்ப்பாணத்தில நிண்டுகொண்டு இப்பிடி எழுதலாமோ? எங்களுக்கு மாயை பொய் இல்லை, உள்பொருள். உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி எல்லாம் அதிலயிருந்துதான் வருது, ஆணவம் எண்ட அறியாமை இருட்டில கிடக்கிற உயிருக்கு அது விடியுமட்டும் எரியிற விளக்கு மாதிரி. அது நீங்கிறது எண்டா முத்திக் கதை, வெபர் முத்தியைப் பற்றிக் கதைக்கேல்லை. சரி, சித்தாந்தத்தை விடுங்கோ, சாதாரணமா வாசிக்கிற ஆளுக்கு மாயை எண்டா பொய், அப்ப 'மாயை நீங்கிச்சு' எண்டா முந்தி இருந்ததெல்லாம் பொய்யெண்டு சொல்லே தீர்ப்புக் குடுத்திடுது. நிலாவரைக் கிணத்துக்குள்ள தேசிக்காயைப் போட்டா தூரத்தில இருக்கிற கீரிமலைக் கேணியில மிதக்கும் எண்டு அம்மம்மா சொல்லேக்க நான் கட்டைப் பிடிச்சுக்கொண்டு அந்தக் கரும்பச்சைத் தண்ணியைப் பாத்து நடுங்கினது பொய்யோ? சுண்ணக்கல்லு கரைஞ்சு வந்த பள்ளம், மேல மழைத்தண்ணி, ஆழத்தில உப்புத்தண்ணி எண்டு பேந்து படிச்சன், அதுவும் உண்மை, நடுங்கினதும் உண்மை.

தமிழில சொல் இல்லாமலோ? தொல்காப்பியம் உணர்ச்சி உடம்பில வெளிப்படுற எட்டு மெய்ப்பாட்டில ஒண்டா மருட்கையை வைக்குது, உரைகாரர் அதை வியப்பு எண்டுவினம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் நாலிலயும் பிறக்கிற அதை 'மதிமை சாலா மருட்கை' எண்டுது, அறிவு எட்டாத இடத்து வியப்பு, வெபர் சொன்ன கதைக்கு இதைவிடக் கிட்டின சொல் எங்க கிடைக்கும்! மருட்கைக்கு அடியான மருள் எண்ட சொல்லுக்கு மயக்கம் எண்ட பொருளும் இருக்கு, அப்பர் சுவாமிக்குத் தாய் தேப்பன் வைச்ச பேர் மருள்நீக்கியார் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்தானே. வியப்பும் போச்சு, மயக்கமும் போச்சு எண்ட ரெண்டையும் ஒரே சொல் தாங்குது. 'வியப்பிழப்பு' எண்டு ஒரு தம்பி எழுதினவர், வடிவான சொல்தான், ஆனா அது இழப்பு எண்டு ஒப்பாரி வைக்குது, வெபர் அழேல்லை.

மருள்நீக்கம் எண்டு எழுதுங்கோ. வினையா வேணுமெண்டா 'மருள் நீங்கின உலகம்'.