உம் கொட்ட ஓர் ஆள்

எங்கள் பாட்டி கதை சொல்லுமுன் ஒரு நிபந்தனை போடுவார்: “உம் கொட்டணும், அப்பத்தான் சொல்லுவேன்.” பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று பார்ப்பதற்கான தந்திரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அரட்டை பாட்காஸ்ட் ஒன்றை எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

நண்பர்கள் இருவர் தொடங்கிய பாட்காஸ்ட். முதல் எபிசோடில், இரவில் தெருநாய் துரத்திய கதையை ஒருவர் சொல்கிறார். மற்றவர் நடுநடுவே “ம்”, “ஐயய்யோ”, “அப்புறம்?” என்று கொட்டிக்கொண்டே இருக்கிறார். ஆளுக்கொரு மைக் என்பதால் அவற்றை வெட்டுவது சுலபம். ஒலி சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் நீக்கினேன். போட்டுக் கேட்டால், நாய் துரத்திய கதை காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் போல இருந்தது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பவேலஸும் குழுவினரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் தொடுகிறது. மயிரிழையில் தப்பித்த அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும். எதிரே இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்கள் சிலருக்கு ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: பேச்சில் ‘T’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். எண்ணுகிறவர் கதையில் இல்லை. பதறுவதும் முகம் சுளிப்பதும் நின்றுபோகின்றன. விளைவு, சொல்பவரின் கதை கெட்டுப்போகிறது. அதிலும் உச்சகட்டத்தில்தான் அதிகம் தடுமாறினார்கள். முடித்த கதையை மறுபடி இழுத்தார்கள், தேவையில்லாமல் விளக்கினார்கள்.

கேட்பவர் தரும் ஒலிகளில் இரண்டு வகை உண்டு. “ம்” எந்தக் கதைக்கும் பொருந்தும். “அடப்பாவி, கதவு பூட்டியிருந்ததா?” என்பது அந்தக் கதையின் அந்த நொடிக்கு மட்டுமே பொருந்தும். எல்லாவற்றுக்கும் “செம”, “சூப்பர்” என்று போடும் தொகுப்பாளர் முதல் வகையோடு நின்றுவிடுகிறார். விருந்தினர் எவ்வளவு சுவாரசியமானவராக இருந்தாலும் அந்த எபிசோட் தேறாது என்பது என் கருத்து.

சரி, அறைக்குள் இருப்பவர் கேட்பதால் பேருந்தில் இயர்போன் மாட்டியிருப்பவருக்கு என்ன லாபம்? கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ 1999-ல் இதைச் சோதித்தார். டேன்கிராம் எனப்படும் துண்டு வடிவங்களை ஒருவர் விவரிக்க, அதன் பதிவைக் கேட்டு மூன்றாமவர் சரியான வடிவத்தை எடுக்க வேண்டும். ஒருவரே தனியாக விவரித்த பதிவைக் கேட்டவர்களைவிட, இருவர் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டவர்கள் சரியாக எடுத்தார்கள். எதிரே ஆள் இருந்தால் “எது, அந்தக் கால் மடக்கினதா?” என்று கேட்டுவிடுவார் அல்லவா? நாம் கேட்க நினைத்ததை நமக்காக ஒருவர் கேட்டுவிடுகிறார்.

வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவதும் அதே வேலைதான். கூட்டத்தின் சார்பில் ஓர் ஆள் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதில் நேரக்கணக்கும் உண்டு. 2009-ல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி பொதுவாக 0.2 வினாடியை ஒட்டியே இருந்தது. (அந்தப் பத்தில் தமிழ் இல்லை.) ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு ஏறக்குறைய 0.6 வினாடி தேவை. அப்படியென்றால் எதிராளி முடிப்பதற்குள்ளேயே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்துப் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். இணையம் வழியாகப் பேசிப் பதிவு செய்யும்போது அரட்டை நொண்டுவது இதனால்தான். குரல் அரை வினாடி தாமதமாகப் போனால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க” என்று நிற்பார்கள். அவரவர் ஊரில் தனித்தனியாகப் பதிந்து பிறகு இணைத்தால் ஒலி தெளிவாகும். பேசும்போதே வந்த தயக்கம் போகாது.

சிரிப்புக்கும் ஜோக்குக்கும் நாம் நினைக்கும் அளவு உறவில்லை. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை “சரி, அப்புறம் பார்க்கலாம்” போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின் வந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார். துணுக்குகளை எழுதிவைத்துப் படிக்கும் நகைச்சுவை பாட்காஸ்ட்கள் ஏன் சலிக்கின்றன என்பதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

நாய்க் கதைக்கு வருகிறேன். வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினேன். ஒட்டும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. நாய் கைலியைக் கவ்வும் இடத்தில் ஒன்றரை வினாடி இருவருமே பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “கடிச்சிருச்சாடா?” காலி இடம் என்று அந்த ஒன்றரை வினாடியையும் முதலில் தூக்கியிருந்தேன்.