எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, வேதாரண்யம் பக்கத்து மீனவர் ஒருவர் தோளில் சாக்குடன் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கீறல் விழுந்த பிஸ்டன், ரிங்குகள், உப்பு அரித்த வாட்டர் பம்ப் மூடி.

"பாருங்க சார், இதுதான் தண்ணியில முங்காத எஞ்சினாம்."

15 ஹெச்.பி. அவுட்போர்டு (வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின்), விலை 95 ஆயிரம். விற்றவர் கடைக்காரர் இல்லை, பக்கத்து ஊர் மீனவர்தான். மச்சான் வழியில் பழக்கம் என்பதால் பணம் கையோடு கை மாறியிருக்கிறது, ரசீது கிடையாது. கஜா புயலுக்கு அப்புறம் வாங்கியது, மூழ்கியதே இல்லை என்று சொல்லி விற்றிருக்கிறார். நான்காம் நாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், வேறொரு வள்ளம் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது, புது பெயிண்டுக்கு அடியில் துரு. பிராக்கெட்டில் ஒரு வெல்டிங் தழும்பைப் பார்த்ததும் அவர் சொன்னாராம்: "அண்ணே, இது நான் வச்ச வெல்டிங். கஜா முடிஞ்சு சேத்துலேர்ந்து எடுத்த எஞ்சின் இது." கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16.

அந்த மெக்கானிக் நல்ல சாட்சி. ஆனால் சாக்கைப் பார்த்ததும் எனக்குக் கவலைதான் வந்தது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பது இப்போதே தெரியும்: "என்கிட்ட நல்லாத்தான் ஓடுச்சு. இவரு ஆயில் கலக்காம ஓட்டிக் கெடுத்துட்டாரு." டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் இல்லாமல் ஓட்டினாலும் சிலிண்டரில் இதே மாதிரி கீறல்தான் விழும். கழற்றிய பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் எஞ்சின் நின்றதும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். குறை இது, இந்தத் தேதியில் இந்த இடத்தில் திறக்கப் போகிறோம், நேரில் வந்து பாருங்கள் என்று விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் போகட்டும். (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு சேர்ந்துவிட்டது.) அவர் வராவிட்டால் இரண்டு பேர் முன்னிலையில், எஞ்சின் எண் தெரியும்படி வீடியோ எடுத்துத் திறக்கலாம். வழக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால், நீதிமன்றமே ஓர் ஆணையரை (நேரில் பார்த்து அறிக்கை தருபவரை) அனுப்பிப் பார்வையிடக் கேட்டு மனுப் போட வழி இருக்கிறது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது நுகர்வோர் நீதிமன்றம். ஒரு தனிமனிதர் தன் சொந்த எஞ்சினை ஒரே ஒரு தடவை விற்றால் அவரை வணிகராகக் காட்டுவது கடினம். மனு பெரும்பாலும் அங்கே நிற்காது. அதுவே பழைய எஞ்சின்களை வாங்கிச் சீர் செய்து விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர் என்றால் கதை வேறு. பிழைப்புக்காக, தானே ஓட்டுவதற்காக வாங்கிய மீனவரை 'வணிக நோக்கம்' என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. அங்கே கெடு 2 வருடம்.

அப்புறம் 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம். சரக்கு நல்ல தரத்தில் இருக்கும் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும் உறுதி, அந்தச் சரக்கில் வியாபாரம் செய்கிறவரிடம் வாங்கினால்தான் கிடைக்கும். தனியார் விற்பனையில் 'வாங்குபவர் பார்த்து வாங்கணும்' என்பதுதான் விதி. ஆனால் உரிமை விஷயத்தில் தனியாருக்கும் விலக்கு இல்லை. திருட்டு எஞ்சினையோ, கடனுக்கு ஈடாக இருப்பதை மறைத்தோ விற்றால் அவர்தான் பொறுப்பு.

ஆக, இந்த வழக்குகள் நிற்பதும் விழுவதும் அவர் என்ன சொன்னார் என்பதில்தான். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உதாரணமாக ஒரு குதிரை வருகிறது. குதிரைக்குக் குறை என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறவர் வாயைத் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொன்ன பிறகும் அவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவுட்போர்டை வையுங்கள். வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் "இது தண்ணியில முங்கினதா? முங்கினதுன்னு நீங்க சொல்லலன்னா முங்காததுன்னு எடுத்துக்குவேன்" என்று எழுதி வைத்தால் போதும், பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்குப் பிடி கிடைக்கிறது.

"ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார்?" என்பது எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமாக எடுக்கும் அஸ்திரம். கொஞ்சம் கவனித்திருந்தால் குறையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற வாதம், தெரியாமல் தவறாகச் சொன்னதற்கும் மௌனத்துக்கும்தான் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் செல்லும். தெரிந்தே வாய் திறந்து பொய் சொன்னவரை அது காப்பாற்றாது. ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் பொய் பொய்தான்.

என் கட்சிக்காரரிடம் ரசீது இல்லை. ஆனால் போனில் விற்றவர் அனுப்பிய வாய்ஸ் நோட் இருந்தது. "மச்சான், தண்ணி பட்டதே இல்ல, கண்ண மூடிக்கிட்டு எடு." பதினோரு விநாடி. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்படிப்பட்ட பதிவைத் தாக்கல் செய்ய 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும். போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

போலீசுக்குப் போகலாமா? ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 318ஆம் பிரிவு இருக்கிறது, 7 வருடம் வரை தண்டனை. ஆனால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். உரிமையியல் தகராறுக்குக் குற்ற வழக்கு நிறம் பூசாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. பணம் திரும்ப வேண்டும் என்பவருக்கு நான் இதை முதல் படியாகச் சொல்வதில்லை.

குறை தெரிந்த பிறகும் அதே எஞ்சினோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை போய்விடும். நஷ்ட ஈடு மட்டும்தான் மிஞ்சும். "போகாம எப்படி சார் சாப்பிடுறது?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வாடகை எஞ்சின் எடுத்தால் ரசீது வாங்கி வையுங்கள், அதையும் நஷ்டத்தில் கேட்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கு நான் எதிரி இல்லை. எங்கள் கரையில் நீதிமன்றத்தைவிட அதற்கு வேகம் அதிகம். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காக உரிமையியல் வழக்குக்கான 3 வருடக் கெடு நிற்காது. அடுத்த பௌர்ணமி, அடுத்த திருவிழா என்று தள்ளிப்போய் வழக்கே செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் போனது தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு, வழக்குக்கு முந்தைய மனுவாக. கட்டணம் இல்லை. அங்கே லோக் அதாலத்தில் முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினோம். விற்றவர் தலையைக் குனிந்துகொண்டார். 80 ஆயிரத்தை இரண்டு தவணையில் தருவது, எஞ்சினை அவரே எடுத்துக்கொள்வது என்று முடிந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் சாக்கும் வந்தது. எண்ணிப் பார்த்ததில் ஒரு ரிங் குறைந்தது. அதற்காக மட்டும் விற்ற மனிதர் அரை மணி நேரம் சண்டை போட்டார்.