கை நீட்டாமல் நிற்கும் பாடம்

செவிலிய மாணவி ஒருத்தி நோயாளியின் சிரையில் கேனுலா, அதாவது மருந்து ஏற்றும் மெல்லிய குழாய், போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியின் பின்னறையில் இரத்தம் தெரிந்ததுமே முகம் மலர்ந்து ஊசியை உருவப் போனாள். நான் சட்டென்று அவள் கையிலிருந்து வாங்கி, சாய்வைக் குறைத்து, மயிரிழை அளவு உள்ளே தள்ளி, வேலையை முடித்துவிட்டேன். நோயாளி இரண்டாவது குத்திலிருந்து தப்பினார். ஆனால் அதன்பின் கேனுலா தட்டைக் கண்டாலே அவள் வேறு கட்டிலுக்கு நழுவிவிடுவாள். அதைக் கவனிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அவள் பிழை சின்னது. ஊசிமுனை, அதன் மேலிருக்கும் குழாயைவிடச் சற்று முன்னே நீண்டிருக்கும். இரத்தம் தெரிந்தால் ஊசி சிரைக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். குழாய் இன்னும் வாசலிலேயே நிற்கலாம். "இப்போது எது உள்ளே இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

இப்போதெல்லாம் கட்டிலருகே போகுமுன்பே பேசிக்கொள்கிறோம். இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறாய், எங்கே தடுமாறுகிறாய், நான் எப்போது குறுக்கிட வேண்டும்? "நான் பார்க்கட்டுமா" என்று நான் சொன்னால் மாணவி மறுபேச்சின்றிக் கையை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் உடன்பாடு. செய்யப்போவது மாணவி என்று நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் கேட்கிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்பிக்க நேரமில்லை என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் 'ஒரு நிமிட' கற்பித்தல் முறை ஒன்றை முன்வைத்தது இந்த நெருக்கடிக்காகத்தான். மாணவரை ஒரு முடிவு சொல்லவைப்பது, காரணம் கேட்பது, பொதுவிதி ஒன்றைக் கற்பிப்பது, சரியானதைச் சுட்டுவது, தவறைத் திருத்துவது என ஐந்து படிகள். எனக்குக் கடினம் முதல் படிதான். கேள்வி கேட்டுவிட்டு மாணவர் வாய் திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டுமே! மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். "நன்றாகச் செய்தாய்" என்பதையும் விட்டுவிட்டேன். எது நன்றாக இருந்தது என்று அதில் தெரிவதில்லை.

பத்து மடங்கு மருந்தை ஏற்றப் போகிறவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன். அங்கே முதலில் கையைப் பிடிப்பேன். காரணத்தைப் பிறகு, தனியறையில் பேசுவோம்.

அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவளே தட்டோடு வந்தாள். "மேடம், இந்த முறை நீங்கள் கை நீட்ட வேண்டாம். கையுறை மட்டும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்."