நிறுவனம் தராத நிறுவனப்பொருள்

கடலூர் முதுநகரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தான் எழுதிய செய்முறைக் குறிப்பைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்சில், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, முகப்பில் மினுக்கும் எல்இடியை நம் இஷ்டத்துக்கு மாற்றுவது பற்றியது. வேலை சுத்தம். ஆனால் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் மென்பொருள்) வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘நிறுவனப்பொருள்’. இந்த மாதம் மூன்றாவது முறையாக என் கண்ணில் படுகிறது.

ஃபர்ம் என்றால் கம்பெனி என்றும் ஒரு பொருள் உண்டுதான். ஆனால் 1967இல் அமெரிக்கக் கணினி நிபுணர் ஆஷர் ஓப்ளர் ஃபர்ம்வேர் என்ற சொல்லை உண்டாக்கியபோது எந்தக் கம்பெனியையும் நினைக்கவில்லை. ஹார்டுக்கும் சாஃப்டுக்கும் நடுவே, சற்று இறுகியது, அதனால் ஃபர்ம். அவ்வளவுதான்.

குறிப்பின் முதல் வரியே ‘அதிகாரமற்ற நிறுவனப்பொருளை ஏற்றவும்’. ‘அன்அஃபிஷியல்’ என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார். அதிகாரமற்றவர் என்றால் பதவி போனவர். அது போகட்டும். ஸ்விட்ச் செய்த நிறுவனம் தந்ததைத் தூக்கிவிட்டு, தன்னார்வலர்கள் எழுதியதைத்தானே ஏற்றுகிறோம்? நிறுவனம் தராதது எப்படி நிறுவனப்பொருள் ஆகும்? அடுத்த பக்கத்தில் ‘மூன்றாம் துறைமுகத்தின் விளக்கு’ வேறு. ஸ்விட்சில் கேபிள் செருகும் ‘போர்ட்’தான் துறைமுகமாகிவிட்டது. கடலூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர் எழுதியது! அகராதியில் முதலில் கிடைத்த அர்த்தத்தை ஒட்டிவிட்டு நகர்கிற பழக்கம் மொழிபெயர்ப்பவர்களிடம் தொற்றாகப் பரவிவிட்டது.

ஃபர்ம்வேருக்கு ‘நிலைப்பொருள்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அடிக்கடி அப்டேட் வருவதற்கு நிலை என்ன நிலை என்று கேட்கிறார்கள். என் ஸ்விட்சின் சிஸ்டம் விளக்கை ‘ஹார்ட்பீட்’டுக்கு மாற்றிச் சேமித்தேன். டப்-டப் என்று இரண்டு மின்னல், கொஞ்சம் ஓய்வு, மறுபடி டப்-டப். வேலைப்பளு ஏறினால் துடிப்பும் வேகமாகும். சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. ஸ்விட்ச் எழுந்ததும் அதே டப்-டப். ஓப்பன்டபிள்யூஆர்டியும் நான் வைத்த அமைப்பும் ஃபிளாஷ் நினைவகத்தில் அப்படியே இருந்தன. மாற்றலாம், ஆனால் மின்சாரம் போனால் அழியாது. நிலை என்பது அந்த நிலைதான்.

புதுச்சேரியில் எங்கள் தெரு சொல்தா தாத்தாவிடம் (பிரெஞ்சுப் படையில் இருந்தவரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கேட்டேன். பிரெஞ்சில் ‘மிக்ரோலோஜிசியேல்’ என்றார், குட்டி மென்பொருள். பிரெஞ்சுக்காரர் ஃபர்ம் பக்கமே போகவில்லை, பாருங்கள்.

திருத்தி அனுப்பினேன். “சரிண்ணா, மாத்திடுறேன். கடையில மட்டும் ஃபர்ம்வேர்னே சொல்லிக்கிறேன்” என்றார். தாராளமாகச் சொல்லட்டும். நிறுவனப்பொருளுக்கு அது எவ்வளவோ மேல்.