தடுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறியுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தம்பிக்கு 34 வயது. ஃபெனிடோயின் சாப்பிடுவதால் வலிப்பு வந்தே பல வருஷமாகிறது. ஆனால் வாசற்படியில் தடுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எலும்பு டாக்டர் வலிப்பு மாத்திரையைப் பற்றி ஏன் விசாரிக்கிறார்?"

வலிப்பு நோயாளிகளுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 6 மடங்கு அதிகம். வலிப்பில் விழுவது ஒரு காரணம். விழாவிட்டாலும், தசைகள் இறுகும் வேகத்திலேயே முதுகெலும்பு நசுங்கலாம். தம்பிக்கு இவை இரண்டுமே இல்லை. அவர் கதை கல்லீரலில் நடக்கிறது.

அங்கே செல்லுக்குள் பிஎக்ஸ்ஆர் என்றொரு புரதம் காவல் இருக்கிறது. ஃபெனிடோயின், கார்பமாசெபின் போன்ற வலிப்பு மருந்து, அதாவது அந்நியச் சரக்கு வந்தால், உட்கருவில் சில மரபணுக்களை முடுக்கி, அதைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அந்த நொதிகள் வைட்டமின் டி-யையும் விட்டுவைப்பதில்லை. தெருநாய் பிடிக்க வந்த கார்ப்பரேஷன் வண்டி வீட்டு நாயையும் அள்ளிப்போன கதைதான்! வைட்டமின் டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் நரம்புகள் கொந்தளிக்கும். ரொம்ப இறங்கினால் வலிப்பே வரும். அதைத் தடுக்க, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியும்; எலும்பு மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

சென்னை வெயிலில் இதெல்லாம் நடக்குமா என்றால், நடக்கும். ஏசி அறையின் கண்ணாடி வழியே வரும் வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்காது. மொட்டை மாடியில் நின்று தயாரித்தாலும் கல்லீரல் சும்மா விடாது.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு திரும்பினால் எலும்புக்கு அது இன்னும் ஆபத்து. வைட்டமின் டி அளவும், தேவைப்பட்டால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பை அதிகம் பாதிக்காத வேறு மருந்துக்கு மாறலாமா என்பதை நரம்பியல் டாக்டர் முடிவு செய்யட்டும். மலிவான வைட்டமின் டி-யை இவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற ஆராய்ச்சியில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. அரசுதான் பணம் போட வேண்டும் என்பேன்.

அப்புறம், வலிப்பு வந்தவர் கையில் எல்லோரும் கொடுக்கும் அந்தச் சாவிக்கொத்து. இரும்பைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் அதுவாகவே அடங்கும். நாலு பேர் சேர்ந்து கைகாலை அமுக்குவது அதைவிட மோசம். மெலிந்த எலும்பு அதிலேயே முறியலாம். பக்கத்திலுள்ள நாற்காலி, கல்லை நகர்த்துங்கள், தலைக்கடியில் துண்டை வையுங்கள், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.