பிரோஷரில் 3,500, தராசில் 1,500

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பட்டறையில் போன் ஓயாது. எங்கள் டர்பன் ஆட்களில் ஒரு பாதி இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நேர்த்திக்கடனோடு போகும். இன்னொரு பாதி கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலைக்கோ கடலுக்கோ கிளம்பும். இரண்டாவது பாதிதான் என்னைத் தேடி வரும். வண்டியின் பின்னால் டிரெய்லரை இழுக்கும் டோபார் மாட்டுவது, டிரெய்லர் பிரேக் பார்ப்பது, வயரிங் சரிசெய்வது, இதுதான் என் தொழில்.

இந்த வருஷம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வந்தார். புது டபுள் கேப் பக்கி. (தமிழ்நாட்டு வாசகர்கள் கோபிக்க வேண்டாம். அங்கே பக்கி என்றால் செல்லத் திட்டு, தென்னாப்பிரிக்காவில் அதுதான் பிக்கப் வண்டியின் பெயர்.) கூடவே அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். பைன்டவுன் பக்கம் ஒரு கேரவன் பார்த்திருக்கிறார்கள். முழு எடை 2,400 கிலோ, உள்ளே கட்டில், அடுப்பு, ஷவர் எல்லாம் உண்டு.

"அண்ணா, பிரோஷர்ல 3,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கு. இது வெறும் 2,400தானே. விக்கிறவரும் ஈசியா இழுக்கும்னுட்டார். சனிக்கிழமைக்குள்ள டோபார் மட்டும் மாட்டிக் குடுங்க."

டோபார் மாட்டுவது எனக்கு அரை நாள் வேலை, காசும் வரும். ஆனால் நான் முதலில் எடுத்தது ஸ்பேனர் இல்லை, பேனா.

3,500 என்பது பொய் இல்லை. பிரேக் உள்ள டிரெய்லரை அந்த வண்டியின் இன்ஜினும் சட்டமும் இழுத்துக் காட்டும் உச்சம் அது. ஆனால் அந்த எண்ணை எழுதியபோது உங்கள் வண்டியில் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கவில்லை, பின்னால் சாமான் தட்டை மூடும் கேனப்பி இல்லை, கூரைமேல் கூடாரம் இல்லை. அதெல்லாம் ஏறிய பிறகு என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டையும் கண்ணாடியில் இருக்கும் லைசன்ஸ் டிஸ்க்கையும் பார்த்து மூன்று எண்களை எழுதிக்கொண்டோம். டேர், அதாவது வெறும் வண்டியின் எடை, 2,050. ஜிவிஎம், அதாவது ஆளும் சாமானும் ஏறிய பிறகு வண்டி தாங்கலாம் என்று அனுமதித்த உச்ச எடை, 3,000. ஜிசிஎம், அதாவது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை, 5,800. வண்டிக்கு வண்டி இவை மாறும். ஒரே பெயருள்ள மாடலில்கூட இன்ஜின், கியர்பாக்ஸ், நான்கு சக்கர இழுவை இவற்றைப் பொறுத்து வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம் தம்பியைச் சாமான் சொல்லச் சொன்னேன். டீசல் முதலில். நம் நாட்டுச் சட்டப்படி டேர் கணக்கில் எரிபொருள் சேராது. 80 லிட்டர் டேங்க் நிறைந்தால் கிட்டத்தட்ட 70 கிலோ. முன்னால் இரும்பு புல்பாரும் பின்னால் டோபாரும் சேர்ந்து 100. கேனப்பி 80. கூரை ரேக்கும் கூடாரமும் 80. ஐந்து பேர், 350 என்று வைத்தேன். ஃப்ரிட்ஜ் நிறைய இறைச்சியோடு 50. துணிமணி, கருவிப்பெட்டி, மீன்தூண்டில், இத்யாதி 100. மொத்தம் 830.

2,050உடன் 830 சேர்ந்தால் 2,880. ஜிசிஎம் 5,800இல் இதைக் கழித்தால் டிரெய்லருக்கு 2,920. அதாவது பிரோஷரின் 3,500 இன்னும் பட்டறை வாசலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் 580 கிலோ காணாமல் போய்விட்டது.

"சரிண்ணா, 2,920ன்னாலும் 2,400 உள்ளதானே இருக்கு?"

கணக்குப்படி உள்ளேதான், ஆனால் சட்டப்படி வெளியே. பெரும்பாலான கேரவன்களிலும் கேம்பர் டிரெய்லர்களிலும் இருப்பது ஓவர்ரன் பிரேக். நீங்கள் பிரேக் போடும்போது டிரெய்லர் முன்னால் வந்து கப்ளரை, அதாவது டோபாரில் மாட்டும் அதன் முன்கொக்கியை, முட்டும். அந்தத் தள்ளலில் ஒரு தண்டு உள்ளே போய், கேபிளை இழுத்து, டிரெய்லர் சக்கரத்தின் டிரம் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். வயர் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் டிரெய்லரின் ஜிவிஎம் இழுக்கும் வண்டியின் டேரைத் தாண்டினால் ஓவர்ரன் பிரேக் போதாது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது வண்டியோடு சேர்ந்தே இயங்கும் சர்வீஸ் பிரேக் வேண்டும். இங்கே பார்ப்பது ஜிவிஎம்மை. "பாதி காலியாத்தானே இழுத்துட்டுப் போறேன்" என்று ரோட்டில் நிறுத்தும் அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. தம்பியின் பக்கிக்கு எல்லை 2,050. அந்தக் கேரவன் இங்கேயே அடிபட்டுப் போனது.

இன்னும் முடியவில்லை. நான் பார்த்த வரையில் யாரும் கணக்கில் எடுக்காதது மூக்கு எடை. டிரெய்லரின் முன்பக்கம் டோபாரின் பந்துமேல் உட்கார்ந்து அழுத்துகிறதே, அந்த எடை. அது பக்கியின் முதுகில் ஏறும் சாமான்தான், ஆகவே பக்கியின் ஜிவிஎம்மில் சேரும். 2,880 ஏற்கெனவே ஏறிவிட்டது, 3,000க்கு மிச்சம் 120. டிரெய்லர் ஆடாமல் வரவேண்டும் என்றால் அதன் மொத்த எடையில் குறைந்தது 8 சதவீதமாவது மூக்கில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். கரடுமுரடான பாதைக்கான டிரெய்லர் என்றால் 10. 120 கிலோதான் 8 சதவீதம் என்றால் டிரெய்லர் 1,500. பத்து சதவீதம் என்றால் 1,200.

தம்பி பேனாவை வாங்கித் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். அம்மா மட்டும் சிரித்தார்.

அந்த 120 கிலோ எங்கே அழுத்துகிறது என்பதையும் பாருங்கள். பந்து பின் அச்சுக்கு நேர்மேலே இல்லை, ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசா பலகை மாதிரி. பந்து பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர், இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3.1 மீட்டர் என்றால், பின் அச்சுக்கு 120 இல்லை, சுமார் 166 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 46 கிலோ தூக்கப்படும். ஸ்டியரிங் லேசாகி, முன் டயர் பிடிப்பு குறைந்து, எதிரே வருபவர் கண்ணில் உங்கள் ஹெட்லைட் குத்தும். பின் ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் வால் நிமிரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தகட்டிலுள்ள எண் ஒரு கிலோகூட உயராது.

அப்படியானால் மூக்கைக் காலியாக விட்டுப் பின்னால் ஏற்றலாமே என்று சிலருக்குத் தோன்றும். அதைச் செய்தவன் எழுதுகிறேன், கேளுங்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் டிராகன்ஸ்பெர்க்கில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். போகும்போது டிரெய்லர் பூனைக்குட்டி மாதிரிப் பின்னாலேயே வந்தது. திரும்பும்போது என்-3இல் ஹோவிக் தாண்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் டவுன் ஹில்லில் பின்னால் ஏதோ இடித்த மாதிரி ஒரு ஆட்டம். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போன காற்று அது. ஆட்டம் நிற்கவில்லை. இடது, வலது, இடது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக. கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டு எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது. தொழிலே இதுதான் எனக்கு, ஆனாலும் கால் பிரேக்குக்குத்தான் போனது. எப்படியோ மிதிக்காமல் எடுத்துவிட்டேன். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எதிர்த் திருப்பு எதுவும் கொடுக்காமல் இருந்ததில், வேகம் எழுபதுக்கு இறங்கியதும் அடங்கியது. வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் வீட்டில் இறக்கும்போதுதான் பிடிபட்டது. டிரெய்லரின் தண்ணீர் டேங்க் அச்சுக்கு முன்னால். போகும்போது 80 லிட்டர், அதாவது 80 கிலோ. வரும்போது காலி. மழையில் நனைந்து கனத்த கூடாரத்தையும் ஈர மரக்கட்டையையும் கடைசி நிமிஷத்தில் பின் கதவுக்குப் பக்கத்தில் திணித்திருந்தேன். மூக்கு இலேசாகிவிட்டது, வால் கனத்துவிட்டது. போகும்போது அளந்த மூக்கு எடை வரும்போது செல்லாது என்று அன்றுதான் உறைத்தது. இப்போதெல்லாம் திரும்பும் காலையில் டேங்கில் மறுபடி தண்ணீர் பிடிப்பேன், பிள்ளைகள் கேலி செய்தாலும்.

மூக்கு எடையை அளக்க உங்கள் குளியலறைத் தராசு போதும். டிரெய்லரை முழுக்க ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கப்ளருக்கு அடியில் பந்தின் உயரத்துக்கு ஒரு மரத்தண்டைத் தராசின்மேல் நிறுத்தி, டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்ன ஜாக்கி சக்கரத்தை மெதுவாகத் தூக்குங்கள். தராசு தாங்காது என்று பட்டால், ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் அதே உயரத்துக்குத் தராசு, மேலே ஒரு பலகை. கப்ளர் நடுவில் அழுத்தட்டும். தராசு காட்டுவதை இரண்டால் பெருக்குங்கள், பலகையின் சொந்த எடையைக் கழித்துவிடுங்கள். பந்தின், டோபாரின் தகடுகளில் ஓர் உச்ச எடை போட்டிருக்கும், அதையும் தாண்டக் கூடாது.

மொத்த எடைக்குத் தராசு போதாது, எடைமேடைக்குத்தான் போக வேண்டும். பழைய இரும்பு வாங்கும் இடங்களில் சின்னத் தொகைக்கு எடை போட்டுத் தருவார்கள். என் அப்பா கரும்பு லாரி ஓட்டியவர். ஆலை வாசலில் எடைமேடை ஏறாமல் ஒரு தண்டு உள்ளே போகாது. கரும்புக்கு இருக்கும் மரியாதை குடும்பத்துக்கு இல்லையா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்பேன், பாதிப் பேராவது போய்விட்டு வருவார்கள். பெரும்பாலும் முகம் சுண்டித்தான் வருவார்கள்.

மலை விஷயம் ஒன்று. டர்பனிலிருந்து எங்கே போனாலும் ஏற்றம்தான், ஃபான் ரீனன் கணவாய் 1,600 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே நன்றாகவே மூச்சு வாங்கும். ஆனால் ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறக்கம்தான் ஆபத்து. ஓவர்ரன் பிரேக் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளித் தள்ளி விடாமல் உரசிக்கொண்டே வரும், டிரம் சூடாகிப் பிடிப்பு போய்விடும். 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில்லின் அடிவாரத்தில் கட்டுப்பாடு இழந்த லாரி மினிபஸ் டாக்சிகள்மேல் மோதி 24 பேர் இறந்ததைப் பைன்டவுன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உங்களுடையது லாரி இல்லைதான், ஆனால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து கிட்டத்தட்ட நாலரை டன் இறங்குகிறது. இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறையுங்கள்.

லைசன்ஸையும் எடுத்துப் பாருங்கள். கோட் பி, அதாவது சாதாரண கார் லைசன்ஸ், இருந்தால் ஜிவிஎம் 750 கிலோ வரைக்கும் உள்ள டிரெய்லர்தான். அதற்கு மேல் ஈபி வேண்டும். தம்பியின் அட்டையில் பி மட்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இந்த ஓர் எழுத்தைத்தான். டயரின் தேதியையும் பார்த்துவிடுங்கள், அதன் பக்கவாட்டுக் குறியீட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகும்.

கடைசியில் என்ன ஆனது என்றால், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். டிரெய்லரிலேயே படுக்கை இருக்கும்போது பக்கியின் கூரையில் ரேக்கும் கூடாரமும் எதற்கு? அந்த 80 கிலோவை இறக்கினால் மூக்குக்கு 120 இல்லை, 200 கிடைக்கும். 1,400, 1,500 கிலோ டிரெய்லரை 10 சதவீத மூக்கு எடையோடு நிம்மதியாக இழுக்கலாம். டேரின் முக்கால் பங்குக்கு மேல் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, இவருக்கு அது 1,540 வரும். பிள்ளைகள் மட்டும் கூரைக் கூடாரத்துக்காக அழுதார்கள்.

அந்த ஈஸ்டருக்கு அவர்கள் எங்கும் போகவில்லை, இசிப்பிங்கோ கோயிலுக்குத்தான் போனார்கள். தம்பி ஜூன் மாதம் ஈபி எடுத்துவிட்டு, 1,400 கிலோ ஜிவிஎம் உள்ள ஒரு பழைய ஆஃப்ரோடு டிரெய்லரோடு வந்தார். வெறும் எடை 880. பிரேக் கேபிள் இரண்டும் துருப்பிடித்திருந்தன, மாற்றினேன்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "எல்லாம் சரி தம்பி, என் பிரியாணி டேக்சாவை எங்க வைக்கிறது?"

அச்சுக்கு நேர்மேலே, தரையோடு ஒட்டி, பெல்ட் போட்டு இறுக்கி என்றேன். உள்ளே வெங்காயத்தை நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டார். நிரப்பலாம், நிரப்பிவிட்டு நிறுக்க வேண்டும்.